விட்டு விட்டுப் பூக்கும் ரோஜா: மலையகத்து வீட்டுத் தோட்டத்துக்கு ஓர் எளிய விளக்கம்

நுவரெலியாவிலோ வெலிமடையிலோ பூங்கன்று விற்பவர்களிடம் ரோஜா கேட்டால், "வருசம் பூரா பூக்கும்" என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார்கள். வாங்கும்போது நாலைந்து பூ இருக்கும். நட்டுச் சில வாரங்களில் அவை உதிர்ந்துவிடும். அதன்பின் மாதக்கணக்கில் இலையும் முள்ளும்தான். விற்றவர் பொய் சொன்னதாகத் தோன்றும். பெரும்பாலும் அவர் சொன்னது சரி. நம் பக்கம் செய்யவேண்டிய வேலையை மட்டும் சொல்லாமல் விட்டிருப்பார். இந்த வகை ரோஜாவுக்குப் பருவம் கிடையாது. புதுத் தளிர் வந்தால் அதன் நுனியில் பூ வரும். தளிர் வராவிட்டால் பூவும் இல்லை. எங்கே வெட்டுவது, எப்போது பசளை போடுவது, எந்த மாதம் கவ்வாத்து வெட்டுவது எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஒருமுறை பூப்பதும் விட்டு விட்டுப் பூப்பதும்

ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் மிகப் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒரே தடவை பூப்பவை. குளிர்காலம் முடிந்ததும் முந்தைய வருடத்துத் தண்டில் கொத்தாகப் பூத்துவிட்டு, மிச்ச மாதங்களில் வெறும் தழையாக வளரும். அவற்றின் மரபணுக்களில் ஒன்று பூப்பதைத் தடுத்து நிறுத்திவைக்கிறது. வசந்தத்தின் தொடக்கத்தில் மட்டும் அந்தத் தடை தளரும்.

சீனத்து ரோஜாக்களில் அந்த மரபணுவுக்குள் வேறொரு துண்டு நுழைந்து அதைச் செயலிழக்க வைத்துவிட்டது. தடை போய்விட்டதால் எந்தத் தளிரும் வளர்ந்து முடியும் இடத்தில் மொட்டு வைக்கும். 1790களில் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்த 'பார்சன்ஸ் பிங்க் சைனா' அப்படிப்பட்டது. இன்று அதை 'ஓல்ட் பிளஷ்' என்கிறார்கள். அதையும் அதன் உறவுகளையும் ஐரோப்பிய ரோஜாக்களோடு மகரந்தக் கலப்புச் செய்து பெற்ற சந்ததிதான் இன்றைய தோட்ட ரோஜாக்கள். இந்தக் குணம் தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். அதனால் புதிய காலத்து ரோஜா என்பதாலேயே அது திரும்பப் பூக்கும் என்று நம்பக் கூடாது. புது ரோஜா ரகங்களை உருவாக்கிய ஆங்கிலேயர் டேவிட் ஒஸ்டின் 1961இல் வெளியிட்ட 'கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை' ஒருமுறை பூப்பது. அவரே 1983இல் தந்த 'கிரஹாம் தோமஸ்' விட்டு விட்டுப் பூப்பது. எது திரும்பப் பூக்கும் என்பதைப் படத்தைப் பார்த்து அறிய முடியாது.

மலையகத்தில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். நமக்குக் குளிர் உண்டு, குளிர்காலம் இல்லை. வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூடக் கிடையாது. பனிக்காலத்தை எதிர்பார்த்துப் பூக்கும் ரகத்தை இங்கே நட்டால் ஆளுயரத்துக்குப் பற்றையாக வளரலாம், பூவுக்கு உத்தரவாதமில்லை. திரும்பப் பூக்கும் ரகமோ எந்த மாதமும் பூக்கத் தயாராக இருக்கும். ஆனால் அதை ஓய்வெடுக்க வைத்து மறுபடி எழுப்பும் குளிர்காலம் இல்லாததால் அந்த வேலையைக் கத்தரிக்கோல்தான் செய்யவேண்டும்.

கொழுந்து பறிப்பவர்களுக்கு இதில் பாதி முன்பே தெரியும். நுனியைக் கிள்ளினால் கீழே உறங்கும் முளைக்கண் விழித்துப் புதுக் கொழுந்தாகிறது. ரோஜாவிலும் அதுவே நடக்கிறது. என்ன, இங்கே நுனியில் இருப்பது பூ. அந்தப் பூ வாடி, காம்புக்குக் கீழே காய் பிடித்துவிட்டால் செடி தன் பலத்தை விதைக்குக் கொடுக்கும். கீழேயுள்ள முளைக்கண்கள் உறங்கிக்கொண்டே இருக்கும். வாடிய பூவை வெட்டி எடுக்காத செடி மாதக்கணக்கில் மொட்டில்லாமல் நிற்பது இதனால்தான்.

வெட்டியதிலிருந்து அடுத்த பூ வரை எவ்வளவு காலம் என்பது உயரத்தைப் பொறுத்தது. கண்டி, பதுளை போன்ற வெப்பமான இடங்களில் ஆறேழு வாரம். ஹட்டன், பண்டாரவளையில் ஏறக்குறைய எட்டு வாரம். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் ஒன்பது முதல் பத்து வாரம். மூட்டமான மாதங்களில் இன்னும் இழுக்கும். இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

எந்தக் கன்று

இங்கே சொல்வது புதராக வளரும் ரோஜாவைப் பற்றி. அப்படியென்றால் தண்டுகள் அடியிலிருந்தே பல கிளைத்து, மூன்று முதல் ஐந்து அடி உயரத்துக்கு நாலாபக்கமும் விரிந்து, ஒற்றைப் பூவுக்குப் பதில் கொத்துக் கொத்தாகப் பூப்பது. கடையில் பூங்கொத்துக்கு வைக்கும் நீண்ட காம்பு ரோஜாவைவிட இதற்குப் பராமரிப்புக் குறைவு. ஒரு தண்டு பட்டுப்போனாலும் செடி தாங்கும்.

உலகெங்கும் பேர்பெற்றவற்றில் 1932இல் வந்த 'தி ஃபெயரி' சிறிய இளஞ்சிவப்புக் கொத்துகளோடு தாழ்வாகப் படரும். 1958இல் ஜெர்மனியின் கோர்டெஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஐஸ்பேர்க்' வெள்ளை. அடைமழைப் பிரதேசத்தில் கரும்புள்ளி நோய்க்குச் சீக்கிரம் இரையாகும். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான 'நொக் அவுட்' கரும்புள்ளியை எதிர்ப்பதற்கென்றே பேர்போனது, வாடிய இதழைத் தானே உதிர்த்துவிடும். நம் ஊர்களில் கன்றுகள் பேரில்லாமல்தான் கைமாறுகின்றன. ஆகவே பேரைத் தேடுவதைவிடச் செடியைப் பார்க்கப் பழகுவது பயன் தரும்.

பார்க்கவேண்டியது மூன்று. முதலில் இதழ் எண்ணிக்கை. மூட்டமும் தூறலும் அதிகமான இடத்தில் அறுபது, எழுபது இதழ் அடுக்கிய பூ விரியாது. வெளியிதழ் நனைந்து ஒட்டிக்கொண்டு மொட்டு அப்படியே பழுப்பாகி அழுகும். இருபத்தைந்துக்குள் இதழுள்ளவை மழையிலும் விரியும். இரண்டாவது, அடியிலை. ரோஜா வாங்க எல்லாரும் ஏப்ரலில் போவார்கள், அப்போது எல்லாச் செடியும் அழகு. ஜூலை, ஓகஸ்ட்டில் போய்ப் பாருங்கள். மழை மாதத்திலும் அடித்தண்டு வரை இலை தாங்கி நிற்கும் ரகம்தான் உங்கள் வீட்டிலும் பிழைக்கும். 1861இல் சின்கோனா மரத்துக்காகத் தொடங்கி, இன்று ரோஜாவுக்குப் பேர்பெற்றிருக்கும் ஹக்கல தாவரவியல் பூங்காவுக்கு அந்த மாதங்களில் ஒரு நடை போய்வந்தாலே கண் பழகிவிடும்.

மூன்றாவது, ஒட்டுக்கன்றா, சொந்த வேரா என்பது. மண்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டில் வீங்கிய முடிச்சுத் தெரிந்தால் ஒட்டு. ஒட்டுக்கன்று வேகமாக வளரும். ஆனால் முடிச்சுக்குக் கீழிருந்து வேர்ச்செடியின் தளிர் கிளம்பினால் அது பலத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். "முன்பு சிவப்பாகப் பூத்தது, இப்போது சின்ன வெள்ளைப் பூ வருகிறது" என்பார்கள், அது இதுதான். இலையில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுத்தளிர் என்றொரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள், நல்ல ரகங்களிலும் ஏழு வரும். மண்ணைக் கிளறி, தளிர் எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்ப்பதே சரியான சோதனை. முடிச்சுக்குக் கீழே என்றால் வெட்டாமல் வேரோடு ஒட்டியபடி பிய்த்தெடுங்கள். வெட்டினால் அந்த இடத்திலிருந்து இரண்டாக வரும்.

இடமும் மண்ணும்

காலை வெயில் கட்டாயம். மலையகத்தில் மதியத்துக்குப் பிறகு மூட்டம் இறங்குவது வழக்கம் என்பதால், மாலை வெயிலை நம்பி மேற்குப் பக்கம் நட்ட செடிக்குப் பாதி நாள் வெயிலே கிடைக்காது. கிழக்கு வெயில் விடிந்ததும் இலையில் நிற்கும் ஈரத்தை உலர்த்திவிடும், நோயில் பாதி அதிலேயே போய்விடும். ஆறு மணித்தியால வெயில் வேண்டும். நாலுக்குக் குறைந்தால் வேறு செடி வையுங்கள்.

மண்தான் பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவது. தேயிலைக்குப் பிடித்த மண் பி.எச். (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை புளிப்பானது. ரோஜாவுக்கு 6 முதல் 6.5 வேண்டும். பழைய தேயிலை நிலத்தில் அமைந்த வீட்டுத்தோட்டத்தில் எவ்வளவு பசளை போட்டாலும் செடி இலை மஞ்சளாகி நிற்பதற்கு இதுவே முதற்காரணம். அவ்வளவு புளிப்பில் பொசுபரசும் மக்னீசியமும் வேருக்குச் சரியாகக் கிடைக்காது. மண் பரிசோதனைக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம். அதற்கு முன் வேலியோரத்து ஹைட்ரேஞ்சியாவைப் பாருங்கள். நல்ல நீலமாகப் பூத்தால் மண் புளிப்பு, இளஞ்சிவப்பாகப் பூத்தால் ரோஜாவுக்கு ஏறக்குறையச் சரியான மண். வெள்ளை ஹைட்ரேஞ்சியா எதையும் காட்டாது.

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவியுங்கள். மண்ணோடு நன்கு மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு இரண்டு வாளி, புளிப்பைக் குறைக்கும் டொலமைட் தூள் 150 கிராம் கலக்கவேண்டும். களிமண்ணாக இருந்தால் ஆற்றுமணல் அரை வாளி சேர்க்கலாம். டொலமைட் மண்ணோடு வேலை செய்ய நாள் பிடிக்கும், ஆகவே கலந்து மூடி மூன்று வாரமாவது விட்டுவிட்டு நடுவது நல்லது. பச்சைக் கோழியெருவைக் குழியில் போடக் கூடாது, இளவேர் கருகும்.

சரிவில் நடுபவர்கள் குழிக்கு மேற்பக்கம் ஒரு சிறு கான் வெட்டி மழைநீரை ஒதுக்கிவிடவேண்டும். வட்டவளை, கினிகத்தேனை போல மழை கொட்டும் இடங்களில் குழியைவிட மேடே மேல்: அரையடி உயர்த்தி மேட்டில் நடுங்கள். ரோஜா ஈரத்தை விரும்பும், தண்ணீர் தேங்கினால் வேர் மூச்சுமுட்டிச் சாகும். குழி வெட்டியதும் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் அடியில் தண்ணீர் நின்றால் அந்த இடம் உதவாது.

நடுவது

மழை தொடங்கும் நேரம் நல்லது. மேற்குச் சரிவில் ஏப்ரல் கடைசி, அல்லது ஒக்டோபர். ஊவாப் பக்கம் ஒக்டோபர்தான். ஜூன் முதல் செப்டெம்பர் வரை அங்கே வீசும் வரண்ட காற்று புதுக்கன்றை ஒரே வாரத்தில் வாட்டிவிடும்.

பொலித்தீன் பையை வெட்டி எடுக்கும்போது மண்கட்டி உடையக் கூடாது. ஒட்டுமுடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் தெரியும்படி நடுங்கள். குளிர்நாட்டு நூல்கள் முடிச்சைப் புதைக்கச் சொல்லும், அது உறைபனியிலிருந்து காப்பதற்கு. நம் ஈரமண்ணில் புதைத்தால் முடிச்சு அழுகும். செடிக்குச் செடி நாலடி, தாழ்ந்த ரகத்துக்கு மூன்றடி. நெருக்கி நட்டால் இடையில் காற்றோடாது.

நட்டதும் பத்து லீற்றர் தண்ணீர். மழை இல்லாவிட்டால் முதல் மாதம் மூன்று நாலு நாளுக்கொரு தடவை அதே அளவு. வேர் பிடித்த செடிக்கு வரண்ட காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை போதும். ஊவாவின் காற்றுக்காலத்தில் இரண்டுமுறை. இலையில் தெளிக்காமல் அடியில் ஊற்றவேண்டும். காய்ந்த மானாப்புல்லை மூன்று அங்குலத் தடிப்பில் அடியைச் சுற்றிப் பரப்புங்கள், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. ஈரம் காப்பது மட்டுமல்ல, மழைத்துளி மண்ணில் விழுந்து தெறித்து நோய்வித்தை அடியிலைக்கு ஏற்றுவதையும் அது தடுக்கும்.

முதல் மூன்று மாதம் வரும் மொட்டுகளைப் பட்டாணியளவு ஆனதும் கிள்ளிவிடுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் அந்தக் காலத்தில் இலையைக் கூட்டிய செடிதான் பிறகு கொத்தாகப் பூக்கும். கிள்ளும்போது மொட்டை மட்டும் எடுங்கள், இலையோடு நீளமாக வெட்டக் கூடாது.

வாடிய பூவை வெட்டும் இடம்

இதை மட்டும் சரியாகச் செய்தால் மற்றதில் கொஞ்சம் பிசகினாலும் செடி மன்னித்துவிடும்.

வாடிய பூவிலிருந்து தண்டு வழியே கண்ணைக் கீழே இறக்குங்கள். பூவுக்கு அடுத்துள்ள இலை ஒன்றாகவோ மூன்று சிற்றிலையாகவோ இருக்கும். அதற்கும் கீழே வந்தால் ஐந்து சிற்றிலை கொண்ட முழு இலை தொடங்கும். அந்த இலை தண்டோடு சேரும் கக்கத்தைப் பெருவிரலால் தடவினால் கடுகளவு முளைக்கண் தட்டுப்படும். சிலதில் சிவந்து கூராக இருக்கும், சிலதில் வெறும் பச்சைப் பிறைக்கோடு போலத் தெரியும். மூன்றிலைக் கக்கத்திலும் கண் உண்டு, ஆனால் அங்கிருந்து வரும் தளிர் மெலிந்து, ஒற்றைச் சின்னப் பூவோடு தலைதொங்கும். ஐந்திலைக் கக்கத்துக் கண்ணே பென்சில் போன்ற தண்டைத் தரும்.

அப்படிப்பட்ட ஐந்திலைகளில் செடியின் வெளிப்பக்கம் பார்த்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். புதுத் தண்டு அந்தத் திசையிலேயே போகும், நடு வெளிச்சமாக இருக்கும். முளைக்கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே, கண்ணுக்கு எதிர்ப்பக்கமாகச் சரியும்படி வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் கண் காய்ந்துவிடும். ஓரங்குலம் விட்டு வெட்டினால் அந்தக் குச்சி பட்டு, கருமை கீழே இறங்கி, கண்ணையும் தாண்டிப் போகும்.

கொத்தாகப் பூப்பதில் ஒவ்வொரு பூவாக வாடும். வாடியதை மட்டும் காம்போடு கிள்ளிக்கொண்டே வந்து, கொத்து முழுதும் முடிந்தபின் கீழே ஐந்திலையில் வெட்டலாம். இளஞ்செடியில் இலை குறைவு என்பதால் முதல் வருடம் மேலுள்ள ஐந்திலையிலேயே நிறுத்துங்கள். வளர்ந்த செடியில் இரண்டாவது ஐந்திலை வரை இறங்கலாம்.

கவ்வாத்துக் கத்தி இதற்கு வேண்டாம், கிளை ஆடி முள் கையைக் கிழிக்கும். ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் அலகுள்ள செடிக்கத்தரி தேவை. நோயுற்ற செடியிலிருந்து அடுத்ததுக்குப் போகுமுன் அலகை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

தளிர் வந்தும் பூ இல்லையென்றால்

தளிர் வந்தால் பூ வரும் என்றோம். அதற்கும் ஒரு விலக்கு உண்டு. ஜூன், ஜூலையில் மேற்கு மலைகளில் நாள்கணக்கில் மூட்டம் நிற்கும்போது தளிர் அரையடி வளர்ந்து, நுனியில் மொட்டில்லாமல் சின்ன இலையோடு நின்றுவிடும். வெளிச்சமும் சூடும் போதாமல் மொட்டு உருவாகும் கட்டத்திலேயே கருகிப்போவதுதான் காரணம். இதற்குப் பசளை போடுவது வீண். வெயில் திரும்பும் செப்டெம்பர் வரை விட்டுவைத்து, அந்தத் தளிரையே வலுவான ஐந்திலை வரை வெட்டினால் அடுத்த தளிர் பூவோடு வரும். ஒரு செடியில் எல்லா மாதமும் இப்படியே தளிர்கள் வந்தால் குறை இடத்தில் இருக்கிறது. மரநிழல் விழுகிறதா என்று பாருங்கள்.

பசளை

ஒவ்வொரு சுற்றுப் பூ முடிந்து வெட்டியதும் பசளை போடுங்கள், அப்போதுதான் செடி புதுத் தளிருக்குத் தயாராகும். நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் மூன்றும் சம அளவுள்ள கலவையானால் வளர்ந்த செடிக்கு 30 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி, இளஞ்செடிக்குப் பாதி. தண்டிலிருந்து அரையடி தள்ளி வட்டமாகத் தூவி, மேலாகக் கிளறி, தண்ணீர் ஊற்றவேண்டும். காய்ந்த மண்ணில் போட்டால் வேர் எரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாளி கூட்டெரு.

தேயிலைக்கு வாங்கியதில் மிஞ்சிய பசளையை ரோஜாவுக்குப் போடும் வழக்கம் தோட்டங்களில் உண்டு. கொழுந்துக்கென்று கலந்ததில் நைதரசனே தூக்கலாக இருக்கும். ரோஜா கரும்பச்சையாகக் கொழுத்து, தண்டு பஞ்சுபோல் மெலிந்து, பூ குறையும். சாம்பல் நோயும் அந்த மென்மையான தளிரைத்தான் தேடி வரும். அடுப்புச் சாம்பல் பொற்றாசியத்துக்கு நல்லது, புளிப்பையும் குறைக்கும்; செடிக்கு ஒரு கைப்பிடி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. யூரியாவும் சாம்பலும் ஒரே நாளில் வேண்டாம். சாம்பலின் காரம் பட்டு நைதரசன் அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். இடையில் இரண்டு வாரமாவது விடுங்கள். குடித்து மிஞ்சிய தேயிலைச் சக்கையை வேரடியில் தடிப்பாகக் கொட்டினால் காய்ந்து ஓடுபோல் இறுகித் தண்ணீரை இறங்கவிடாது. கூட்டெருக் குழியில் போடுவதே மேல்.

வருடாந்தக் கவ்வாத்து

தேயிலையைச் சில வருடத்துக்கு ஒருமுறை தாழ வெட்டுவதுபோல் புதர் ரோஜாவை வெட்டவேண்டியதில்லை. வருடம் ஒருமுறை, உயரத்தில் மூன்றிலொரு பங்கு, அதிகமானால் பாதி. முதலில் பட்ட தண்டுகள், பிறகு உரசிக்கொள்ளும் தண்டுகள், பிறகு பென்சிலைவிட மெல்லியவை போகவேண்டும். மிச்சத்தில் வெளிப்பக்கக் கண்ணுக்கு மேலே வெட்டுங்கள். வெட்டுமுகத்தின் நடுச்சோறு வெள்ளையாக இருக்கவேண்டும். பழுப்பாக இருந்தால் வெள்ளை வரும்வரை இன்னும் கீழே இறங்குங்கள். நான்கைந்து வருடம் ஆன செடியில் பட்டை தடித்த பழந்தண்டு ஒன்றை அடியோடு எடுத்தால் புதுத்தண்டு அடியிலிருந்தே கிளம்பும். மிஞ்சிய பழைய இலைகளையும் உருவி எடுத்துவிடுங்கள், போன மழையின் நோய்வித்து அவற்றில்தான் தங்கியிருக்கும்.

எப்போது என்பதற்குத்தான் வாரக்கணக்கு. சித்திரைப் புத்தாண்டுக்குப் பூ வேண்டுமானால் ஏப்ரல் 14இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நுவரெலியாவில் பத்து வாரம், பெப்ரவரி முதல் வாரம். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் எட்டு வாரம், பெப்ரவரி நடுப்பகுதி. நுவரெலியாவின் பள்ளமான இடங்களில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் உறைபனி கொட்டுவதுண்டு. ஜனவரியிலேயே வெட்டினால் அப்போதுதான் எழும்பும் சிவந்த தளிர் கருகி, செடி மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டிவரும். வெட்டியபின் பனி கொட்டும் அறிகுறி தெரிந்தால் இரவில் சாக்கால் மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

தீபாவளிக்கு இன்னொரு சிறு வெட்டு உண்டு. பண்டிகை நாளுக்கு உங்கள் ஊர்க் கணக்குப்படி அத்தனை வாரம் முன்பு ஒவ்வொரு தண்டிலும் முக்காலடி எடுத்தால் போதும். மேற்குப் பக்கம் மழை ஓயாவிட்டால் இந்தச் சுற்று நினைத்தபடி அமையாது.

நோயும் பூச்சியும்

கரும்புள்ளிதான் மழை மலைகளின் முதல் எதிரி. இலையின் மேல்பக்கம் ஓரம் பிசிறிய கரும்பொட்டு, சுற்றிலும் மஞ்சள், கீழிலை முதலில் உதிரும். இலை தொடர்ந்து ஏழு மணித்தியாலம் அளவில் நனைந்திருந்தால் நோய்வித்து முளைத்துவிடும். ஆகவே காற்றோட்டமும் காலை வெயிலும் அடிமூடாக்கும் மருந்தைவிட முக்கியம். உதிர்ந்த இலையைப் பொறுக்கி எரியுங்கள், கூட்டெருவில் சேர்க்காதீர்கள்.

சாம்பல் நோய் நேர்மாறு. பகலில் வெயில், இரவில் குளிர் என்றிருக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை இளந்தளிரில் மாவு தூவியதுபோல் வரும், இலை சுருளும். தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத்தூளைப் பொதியில் உள்ள அளவில் தெளிக்கலாம், உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும். கரும்புள்ளிக்கு மன்கோசெப் போன்ற பூஞ்சைமருந்துகள் நோய் வருமுன் காப்பவை. வந்த புள்ளியை அழிக்காது. மழை மாதம் தொடங்குமுன் ஆரம்பித்தால்தான் பலன், கையுறையும் முகமூடியும் அவசியம்.

மூன்றாவது ஒன்று அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. குளிரும் மூட்டமும் சேர்ந்த வாரங்களில் இலையில் நரம்போடு ஒட்டி ஊதாச்சிவப்புத் திட்டு விழுந்து, பச்சை இலைகூடச் சில நாளில் பொலபொலவென்று உதிரும். மருந்து அதிகமாகிவிட்டது என்றே நினைப்பார்கள். இது அடிச்சாம்பல் நோய். நெருக்கத்தை விலக்கி, நோயுற்ற நுனியை வெட்டி எரிப்பது முதல் வேலை.

அசுவினியை விரலால் நசுக்கினாலோ காலையில் தண்ணீரைப் பீய்ச்சினாலோ போதும். பெப்ரவரி, மார்ச் வரட்சியில் இலையின் அடியில் தூசுபோல் தெரிவது சிவப்புச் சிலந்தி; அடிப்பக்கம் தண்ணீர் பட நாலைந்து நாள் காலையில் கழுவுங்கள். வெளிர்நிறப் பூவின் இதழோரம் பழுப்பாகி மொட்டு கோணினால் இலைப்பேன். அந்த மொட்டைக் கிள்ளி எரிக்கவேண்டும்.

பதியன் வைக்க

நல்ல செடி கிடைத்துவிட்டால் தண்டு வெட்டி வைத்தே பெருக்கலாம். பூ உதிர்ந்து ஒரு வாரம் ஆன, பென்சில் தடிப்புத் தண்டில் ஆறு முதல் எட்டு அங்குலம், நாலு கணுவோடு வெட்டுங்கள். மேலே ஓரிலை மட்டும் விட்டு மற்றதை எடுக்கவேண்டும். கீழ்வெட்டு கணுவுக்கு நேர் கீழே இருக்கட்டும்.

தவறணையில் தேயிலைக் கன்று வைத்துப் பழகியவர்கள் அதே பையையும் அதே பொலித்தீன் மூடலையும் பயன்படுத்தலாம், அந்தப் புளிப்பு மண்ணை மட்டும் வேண்டாம். ஆற்றுமணலும் தும்புத்தூளும் பாதிப் பாதி. தண்டின் பாதி நீளம் உள்ளே போகவேண்டும். நிழலில் வைத்து, மூடலின் உட்புறம் துளி நிற்கும் அளவுக்கு ஈரம் காத்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். நடுவில் தளிர் வந்துவிட்டது என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். தண்டில் மிஞ்சியிருக்கும் உணவிலேயே தளிர் வரும், வேர் பிறகுதான். மெதுவாக இழுத்தால் பிடித்துக்கொள்ளும் நிலை வந்தபின் மூடலை ஒரு வாரத்துக்குள் சிறிது சிறிதாகத் திறந்து, பையின் அடித்துளையில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்ததும் நிலத்துக்கு மாற்றலாம். இப்படி வந்த கன்று சொந்த வேரில் நிற்பதால் காட்டுத்தளிர்ப் பயம் இல்லை. முதல் வருடம் ஒட்டுக்கன்றைவிடப் பின்தங்கும், இரண்டாம் மூன்றாம் வருடத்தில் எட்டிப் பிடித்துவிடும்.